ஸ்டாக் கூலரை நம்பி ஓவர்கிளாக் செய்யலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் கணினி பூட்டிக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளும், கல்யாண வீடியோ எடிட் செய்பவர்களும், பழைய கணினியை இன்னும் இரண்டு வருடம் ஓட்டிவிட நினைப்பவர்களும் பிராசஸர் பெட்டிக்குள் வந்த கூலரைக் காட்டி இதை வைத்தே ஓவர்கிளாக் செய்யலாமா, அதாவது நிறுவனம் நிர்ணயித்ததைவிட அதிக வேகத்தில் பிராசஸரை ஓட்டலாமா என்ற ஒரே சந்தேகத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே உள்ளன.

ஸ்டாக் கூலர்னா என்ன? நல்லதா இருந்தா அதை எதுக்குச் சும்மா தர்றாங்க?

பிராசஸரைச் செய்யும் நிறுவனமே அதே பெட்டியில் வைத்துத் தரும் கூலருக்குத்தான் அந்தப் பெயர். அது சும்மா வருவதில்லை; அதன் விலையும் பிராசஸர் விலைக்குள் அடங்கியிருக்கிறது. பெட்டியில் அச்சிட்ட வேகத்தில் பிராசஸர் ஓடும்போது எழும் சூட்டை, ஓரளவு காற்றோட்டமுள்ள கேபினட்டுக்குள், வரம்பு தாண்டாமல் வெளியேற்றுவது மட்டுமே அதற்குக் கொடுக்கப்பட்ட வேலை. அந்த வேலையைப் பெரும்பாலும் ஒழுங்காகவே செய்கிறது. எனவே அதை மட்டமான பொருள் என்று பேசுவது நியாயமில்லை. ஆனால் கொடுத்த வேலைக்கு மேல் செய்ய அதனிடம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதுதான் ஓவர்கிளாக் செய்ய நினைப்பவர் பார்க்க வேண்டியது.

ஸ்பீடு பத்து சதவீதம்தானே கூட்டுறோம், சூடு மட்டும் ஏன் அவ்வளவு ஏறுது?

பிராசஸர் உண்ணும் மின்சாரம் வேகத்தோடு நேராகவும், வோல்டேஜோடு இருமடி விகிதத்திலும் கூடுகிறது. வேகத்தைக் கூட்டினால் அது தடுமாறாமல் ஓட வோல்டேஜையும் கூட்ட வேண்டி வருகிறது. வினை அங்கேதான் இருக்கிறது. 1.2 வோல்ட்டில் ஓடியதை 1.32 வோல்ட்டுக்கு ஏற்றி, வேகத்தையும் 10 சதவீதம் கூட்டினால், 1.1 பெருக்கல் 1.21 என்று கணக்கு வந்து, ஏறக்குறைய 33 சதவீதம் அதிக மின்சாரம் சூடாக மாறுகிறது. 65 வாட் என்பது 86 வாட் ஆகிவிடுகிறது. வேகத்தில் கண்டது பத்து, சூட்டில் கொடுத்தது முப்பத்து மூன்று. இந்த 33 என்ற எண்ணைக் கீழே மறுபடியும் எடுக்கப் போகிறேன்.

எனக்க பிராசஸரை ஓவர்கிளாக் பண்ண முடியுமான்னு முதல்ல எப்படித் தெரிஞ்சுக்கிறது?

இன்டெல் என்றால் மாடல் எண்ணின் இறுதியில் ‘கே’ என்ற எழுத்து இருக்க வேண்டும், மதர்போர்டும் ‘இசட்’ வரிசையில் இருக்க வேண்டும். ஐ5 12400 போன்றவற்றில் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கி எண் பூட்டப்பட்டிருக்கிறது. அவற்றை வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்வியோடு நின்றுகொள்ளலாம்; அவற்றுக்கு வந்த கூலர் அவற்றுக்குப் போதும்.

ஏஎம்டி ரைசனில் டெஸ்க்டாப் வகைகள் ஏறத்தாழ எல்லாமே பூட்டில்லாதவை. 5800 எக்ஸ்3டி போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. இங்கே பூட்டு மதர்போர்டில்தான் இருக்கும். ஏ320, ஏ520, ஏ620 சிப்செட் உள்ள போர்டுகளில் பிராசஸர் வேகத்தை ஏற்ற வழியில்லை. பி450, பி550, எக்ஸ்570 போன்றவற்றில் உண்டு. கூலரைப் பற்றிக் கவலையோடு பேச வந்த ஒருவரிடம் போர்டு என்ன என்று கேட்க, ஏ320 என்று பதில் வந்து, பேச்சு அங்கேயே முடிந்ததும் நடந்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2015-இல் வந்த ஆறாம் தலைமுறை முதல் இன்டெல் தன் ‘கே’ வகைகளோடு கூலரே தருவதில்லை. இதைச் செய்தவர்களே, ஏற்ற விரும்புகிறவன் தனிக் கூலர் வாங்கிக்கொள்ளட்டும் என்று கருதியிருக்கிறார்கள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ஆகவே ஸ்டாக் கூலரோடு ஓவர்கிளாக் என்ற பேச்சு இன்று பெரும்பாலும் ரைசன்காரர்களுக்கும், இரண்டாம் தலைமுறை முதல் நான்காம் தலைமுறை வரையிலான பழைய ‘கே’ பிராசஸரைச் செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கும் உரியது.

யூடியூப்ல ஒருத்தர் இதே கூலர்ல 72 டிகிரிதான் காட்டினார், எனக்கு மட்டும் ஏன் 82 காட்டுது?

அவர் இருந்த அறையும் நீங்கள் இருக்கும் அறையும் வேறு. கூலர் என்பது குளிரூட்டி அல்ல. பிராசஸரின் சூட்டை அறைக் காற்றுக்குக் கைமாற்றிவிடும் பொருள். எந்தக் கூலராலும் பிராசஸரை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. அதனால் 72, 82 என்ற எண்களைத் தனியே ஒப்பிடாமல், அறை வெப்பத்தைக் கழித்துவிட்டு மிஞ்சுவதை ஒப்பிட வேண்டும். அவருடைய அறை 22 டிகிரி என்றால் மிச்சம் 50. உங்கள் அறை 32 டிகிரி என்றால் உங்களுக்கும் மிச்சம் 50-தான். இரண்டு கூலர்களும் ஒரே மாதிரி வேலை செய்கின்றன.

நம் மாவட்டத்தில் வேலூரைப் போல 40 டிகிரி வெயில் அடிப்பதில்லை என்பது உண்மை. ஆனால் கடலுக்கும் மலைக்கும் நடுவே இருக்கும் இந்த ஊரில் இரவிலும் பெரிதாகக் குளிர்வதில்லை. பங்குனி, சித்திரையில் கான்கிரீட் மாடி அறை பிற்பகல் மூன்று மணிக்கு உள்வாங்கிய சூட்டை இரவு பதினொன்று வரை கொடுத்துக்கொண்டே இருக்கும். ஓட்டு வீட்டில் கீழ் அறையில் கணினி வைத்திருப்பவருக்கும், அதே தெருவில் மாடி அறையில் வைத்திருப்பவருக்கும் நான்கைந்து டிகிரி வித்தியாசம் வருவதைச் சாதாரணமாகக் காண்கிறேன். ஆனி ஆடிச் சாரலில் சோதித்துப் பார்த்த எண்ணைச் சித்திரையில் நம்பக்கூடாது.

ஈரப்பதம் ஜாஸ்தியான ஊராச்சே, அதனால கூலர் சரியா வேலை செய்யாதா?

நமக்குப் புழுங்குவது வியர்வை உலராததால். கூலருக்கு வியர்ப்பதில்லை, ஈரக் காற்றும் உலர்ந்த காற்றும் அதற்கு ஏறத்தாழ ஒன்றுதான். சூட்டுக் கணக்கில் ஈரப்பதத்தைச் சேர்க்க வேண்டாம்.

கடற்கரை ஊர்களின் உப்புக் காற்று வேறு விஷயம். குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து வரும் கணினிகளைத் திறந்தால், அலுமினியத் தகடுகளின் ஓரத்தில் சாம்பல் வெள்ளையாக ஒரு பொடி பூத்திருக்கும். விரலால் தேய்த்தால் சொரசொரப்பாக இருக்கும். தூசி அந்தச் சொரசொரப்பில் பிடித்துக்கொண்டு, தகடுகளுக்கு நடுவே பஞ்சு மெத்தைபோல் படிந்துவிடும். உப்பைவிட அந்தத் தூசியே முதலில் கெடுதல் செய்கிறது. கடலோரத்தில் இருப்பவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுவது நல்லது. ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு தட்ட வேண்டும்.

அப்போ எத்தனை டிகிரி வரைக்கும் பரவாயில்லை?

பிராசஸருக்கென்று நிறுவனம் வைத்திருக்கும் உச்ச வரம்பு ஒன்று உண்டு. ரைசன் 5 3600, 5600 எக்ஸ் ஆகியவற்றுக்கு 95 டிகிரி, 5800 எக்ஸுக்கு 90 டிகிரி, இன்டெல்லின் அண்மைக் காலத்து வகைகள் பலவற்றுக்கு 100 டிகிரி. அதைத் தொட்டால் பிராசஸர் உடனே எரிந்துபோகாது; தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேல் போனால் அணைந்துவிடும். ஆனால் வேகத்தைக் கூட்டப் போய், அது சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டால், செய்த வேலைக்கு அர்த்தமில்லை.

நான் பார்க்கும் கணக்கு இது. முதலில் எதையும் மாற்றாமல், பெட்டியில் போட்ட வேகத்திலேயே முழுச் சுமை கொடுத்து ஒரு எண் எடுங்கள். 32 டிகிரி அறையில் 70 வந்தது என்று வைத்துக்கொள்வோம். அறையைக் கழித்தால் 38. மேலே சொன்ன 33 சதவீதத்தை இதில் ஏற்றினால் ஏறக்குறைய 51. அறையைத் திரும்பக் கூட்டினால் 83. தாங்கும். தொடக்கமே 75 என்றால் அதே கணக்கில் 89 வருகிறது, விளிம்பில் நிற்கிறது. தொடக்கம் 80 என்றால் 96 வருகிறது. 95 வரம்புள்ள பிராசஸருக்கு அது ஆகாது.

ஆகவே சித்திரை மாதத்துப் பிற்பகலில் சாதாரண வேகத்திலேயே 70-க்குள் நிற்கும் கணினியில் மட்டும் ஸ்டாக் கூலரோடு ஓவர்கிளாக் செய்து பாருங்கள் என்பேன். 70-க்கும் 78-க்கும் நடுவில் இருந்தால் வோல்டேஜைத் தொடாமல் கிடைக்கும் சிறு ஏற்றத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் இருந்தால் பேச்சே வேண்டாம்.

டெஸ்ட் எப்படிச் செய்யணும்? கேம் ஓட்டிப் பார்த்தா போதாதா?

போதாது. பெரும்பாலான விளையாட்டுகளில் கிராஃபிக்ஸ் கார்டுதான் மூச்சு வாங்குகிறது, பிராசஸர் பாதிச் சுமையில் இருக்கும். பிராசஸருக்கு முழுச் சுமை கொடுக்கும் சோதனை மென்பொருளான சினிபெஞ்ச் ஆர்23-ஐப் பத்து நிமிடச் சுற்றில் ஓட்டுங்கள். பக்கத்தில், வெப்பத்தையும் வேகத்தையும் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ திறந்திருக்கட்டும். கேபினட் மூடியபடி, எப்போதும் வைக்கும் அதே இடத்தில் இருக்கட்டும். சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி ஒன்றைக் கேபினட்டின் முன்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்தருகே வையுங்கள். ஏசியின் ரிமோட்டில் தெரியும் எண்ணை அறை வெப்பம் என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.

முதல் மூன்று நிமிடத்து எண்ணைப் பார்த்து மகிழ்ந்துவிடக்கூடாது. கூலரின் உலோகமும் கேபினட்டுக்குள் இருக்கும் காற்றும் சூடேறி ஒரு நிலைக்கு வர நேரம் எடுக்கும். கடைசி இரண்டு நிமிடங்களில் நிற்கும் எண்தான் உண்மை. வெப்பத்தோடு சேர்த்து வேகத்தையும் பாருங்கள். வெப்பம் 95-இல் ஆணி அடித்ததுபோல் நின்று, வேகம் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால், கூலர் கைவிரித்துவிட்டது என்று பொருள். ப்ரைம்95 என்ற இன்னொரு மென்பொருளின் ‘சிறிய எஃப்எஃப்டி’ சோதனை அன்றாட வேலை எதையும்விடக் கடுமையானது. அதில் சற்று அதிகம் காட்டினால் பதற வேண்டாம்.

கூலரைத் தொட்டா சூடே இல்ல, ஆனா சாஃப்ட்வேர் 97 காட்டுது. சென்சார் பொய் சொல்லுதா?

சென்சார் பொய் சொல்வது மிக அரிது. சூடு பிராசஸரிலிருந்து கூலருக்கு வந்து சேரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். இன்டெல் ஸ்டாக் கூலரில் நான்கு பிளாஸ்டிக் கால்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் அழுத்தும்போது ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். தக்கலையிலிருந்து ஒரு தம்பி, பயாஸ் திரையிலேயே, அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் வரும் அமைப்புத் திரையிலேயே, 90-ஐத் தாண்டுகிறது என்று ஒரு கணினியைக் கொண்டுவந்தார். மூன்று கால்கள் பூட்டியிருந்தன. நான்காவது, போர்டின் துளைக்குள் பாதி நுழைந்து, வெள்ளை முனை மடங்கி நின்றது. மேலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. போர்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தபோதுதான் நான்கு முனைகளில் ஒன்று விரியாமல் இருந்தது தெரிந்தது. அவர் அதற்குள் புதுக் கூலருக்குப் பணம் சேர்க்கத் தொடங்கியிருந்தார்.

கால்கள் எல்லாம் சரியாக இருந்தும் வித்தியாசம் தெரிந்தால் இரண்டாவது காரணம் உண்டு. ரைசன் 3000 வரிசை முதல் பல வகைகளில், கணக்கிடும் பகுதிகளான கோர்கள் இருக்கும் சில்லு சுமார் 70 முதல் 80 சதுர மில்லிமீட்டர்தான், நம் சுண்டுவிரல் நகத்தளவு. அவ்வளவு சூடும் அந்தச் சிறு இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். அது மேல்மூடியில் பரவிக் கூலரை எட்டுவதற்குள் உள்ளே டிகிரி ஏறிவிடுகிறது. இதில் எவ்வளவு பெரிய கூலர் மாட்டினாலும் ஓரளவுக்கு மேல் இறக்க முடியாது.

கூலரைக் கழற்றிட்டு அப்படியே மறுபடி மாட்டலாமா?

கூடாது. ஸ்டாக் கூலரின் அடியில் முன்பே பூசி வரும், சூட்டைக் கடத்த உதவும் பேஸ்ட் ஒருமுறை மாட்டுவதற்கு மட்டுமே. கழற்றினால் இரு பக்கமும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து மாட்ட வேண்டும். செல்போன் பழுதுபார்க்கும் கடைகளில் ஐபிஏ என்று கேட்டால் அந்தத் திரவம் கிடைக்கும். பல் பேஸ்ட் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: இரண்டு நாளில் உலர்ந்து பாலாடையாகிவிடும், வேண்டாம்.

ஏஎம்4 என்ற வகை சாக்கெட் உள்ள ஏஎம்டி போர்டில் கூலரை நேராக மேலே இழுக்காதீர்கள். பேஸ்ட் இறுகியிருந்தால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூடவே வரும், பின்கள் வளையும். பத்து நிமிடம் கணினியை ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கூலரை இடவலமாக மெல்லத் திருகிப் பிறகு எடுங்கள்.

ஏஎம்டி கூலர்ல மூணு வகை இருக்காமே, எது ஓவர்கிளாக்குக்கு ஆகும்?

ரெயித் ஸ்டெல்த் உயரம் குறைந்த அலுமினியக் கட்டி. அதை வைத்து ஓவர்கிளாக் செய்வதை நான் யாருக்கும் சொல்வதில்லை. ரைசன் 5 3600-க்கு 65 வாட் என்று எழுதியிருந்தாலும் சாக்கெட்டில் 88 வாட் வரை எடுக்க அனுமதி உண்டு. ஸ்டெல்த் அதிலேயே திணறத் தொடங்குகிறது. ரெயித் ஸ்பயர் சற்று உயரமானது, அதில் சில பதிப்புகளின் நடுவே செம்பு இருக்கும். திருப்பிப் பார்த்தால் அடிப்பாகத்தில் செம்பு வட்டம் தெரிந்தால் மிதமான ஏற்றத்துக்கு முயலலாம்.

ரெயித் ப்ரிசம் மட்டும் உண்மையான மிச்சம் உள்ளது. அடியில் செம்புக் குழாய்கள் பிராசஸரை நேராகத் தொடுகின்றன. 2700 எக்ஸ், 3700 எக்ஸ் போன்றவற்றோடு வந்தது. அதன் பக்கவாட்டில் ஃபேன் வேகத்துக்கு ஒரு சின்னஞ்சிறு சுவிட்ச் இருக்கிறது. பலர் அது இருப்பதே தெரியாமல் குறைந்த வேகத்தில் வைத்துவிட்டுக் கூலரைக் குறை சொல்கிறார்கள். உயர்ந்த வேகத்தில் வைத்தால் சத்தம் கூடும், டிகிரி குறையும். எந்தக் கூலரானாலும், மேலே சொன்ன 70 டிகிரிக் கணக்கில் தேறினால்தான் அடுத்த படி.

கேபினட்டை மேசைக்கு உள்ள வச்சிருக்கேன், அதனால பிரச்சினையா?

பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு அதே சோதனையை மறுபடி ஓட்டுங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் குற்றவாளி கூலர் அல்ல, காற்று வராத கேபினட் அல்லது கதவு வைத்த மேசை. அந்த நிலையில் புதுக் கூலர் வாங்குவது வீண். முன்பக்கம் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் மாட்டினால் போதும். இரண்டு டிகிரிகூட இறங்கவில்லை என்றால் கூலரின் திறன் அவ்வளவுதான்.

பிபிஓ ஆன் பண்ணினா அதுவே பார்த்துக்கும்னு சொல்றாங்களே?

பிபிஓ என்பது மின்சார வரம்பை விரித்து, ரைசன் தானாகவே வேகத்தை ஏற்றிக்கொள்ள விடும் வசதி. பார்த்துக்கொள்ளும், ஆனால் வெப்பத்தைப் பார்த்துத்தான் பார்த்துக்கொள்ளும். ரைசன் சூடு ஏற ஏறத் தானாகவே வேகத்தைப் படிப்படியாக இறக்கும் வகை. ஸ்டெல்த் கூலரோடு மின்சார வரம்பை மட்டும் விரித்துவிட்டால், கூடுதல் சூடு வரும், கூடுதல் வேகம் அநேகமாக வராது. கையால் எல்லாக் கோர்களுக்கும் ஒரே வேகத்தை நிர்ணயிப்பதிலும் ஓர் இழப்பு உண்டு: ஒற்றைக் கோர் வேலைகளில் அது தானாகத் தொடும் உச்ச வேகம் போய்விடுகிறது.

ஸ்டாக் கூலரோடு இருப்பவர்களுக்கு நான் எதிர்த்திசையைச் சொல்வேன். ரைசன் 5000 முதல் பயாஸில் கர்வ் ஆப்டிமைசர் என்ற, வோல்டேஜைச் சரிசெய்யும் வசதி இருக்கிறது. அதில் எல்லாக் கோர்களுக்கும் மைனஸ் 10 என்று தொடங்கி, ஒவ்வொரு முறையும் சோதித்து, மெல்ல இறக்குங்கள். வோல்டேஜ் குறைகிறது, சூடு குறைகிறது, கிடைத்த இடைவெளியில் பிராசஸர் தானாகவே சற்று வேகம் பிடிக்கிறது. வோல்டேஜின் இருமடிக் கணக்கு இங்கே நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது. இதுவும் முறைப்படி பார்த்தால் நிறுவனத்தின் வரம்புக்கு வெளியே செய்வதுதான் என்பதை மறக்க வேண்டாம்.

வாரண்டி போயிடுமா?

ஓவர்கிளாக் செய்ததால் வந்த பழுதுக்கு இன்டெல், ஏஎம்டி இரண்டின் வாரண்டியும் பொருந்தாது. பிபிஓவுக்கும் அதுவே.

தனிக் கூலர் வாங்கி மாட்டினேன், டிகிரி 15 இறங்கிச்சு, ஆனா இப்போ எடிட்டிங் நடுவில வேகம் குறையுது. எப்படி?

இது நல்ல கேள்வி, பலருக்குப் பிடிபடாததும்கூட. ஸ்டாக் கூலர் காற்றை மேலிருந்து கீழே போர்டை நோக்கி ஊதுகிறது. அந்தக் காற்று பிராசஸரைச் சுற்றியிருக்கும் மின்சாரம் வழங்கும் பகுதியையும், அதாவது விஆர்எம் என்பதையும், போகிற போக்கில் குளிர்வித்துவந்தது. டீப்கூல் ஏகே400, கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 போன்ற கோபுர வடிவக் கூலர்கள் காற்றைப் பக்கவாட்டில் பின்னோக்கித் தள்ளுகின்றன. போர்டின் மீது ஊதுவதில்லை. விலை குறைந்த போர்டுகளில் விஆர்எம் மீது உலோகத் தகடே இருக்காது. பிராசஸர் குளிர்ந்து, அதற்குச் சோறு போடும் பகுதி சூடேறி, அது தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தை இழுத்துப் பிடிக்கிறது. எச்டபிள்யூ இன்ஃபோவில் விஆர்எம் வெப்பம் தனியே வந்தால் பாருங்கள். கேபினட்டின் பின்பக்கமும் மேற்பக்கமும் ஃபேன் சேர்ப்பது உதவும். வாங்கும் முன் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஏகே400 மட்டும் 155 மில்லிமீட்டர். மெலிந்த கேபினட்டில் கண்ணாடி மூடாது.

ஏசி போட்டா 70, ஏசி இல்லேன்னா 80. எதை நம்பி செட் பண்றது?

80-ஐ நம்புங்கள். வீடியோ ரெண்டரைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. இரவில் மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் கணினியைத் தாங்கும், ஏசியைத் தாங்காது. காற்றும் மழையுமான நாளில் குலசேகரம் பக்கம் அது எவ்வளவு நேரம் நீளும் என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் அடைத்த அறையில் ஏசி நின்ற அரை மணி நேரத்தில் 24 டிகிரி 30-ஐத் தாண்டும், ரெண்டர் மட்டும் முழுச் சுமையில் ஓடிக்கொண்டிருக்கும். ஓவர்கிளாக் கூடுதலாக இழுக்கும் வாட்டுகளால் இன்வெர்ட்டர் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். மேலே சொன்ன கணக்கில் 80 என்பது 'பேச்சே வேண்டாம்' பக்கம் விழுகிறது. எனவே இந்தக் கணினியில் ஸ்டாக் கூலர் இருக்கும்வரை வேகத்தை ஏற்றாமல், கர்வ் ஆப்டிமைசர் இருந்தால் அதை மட்டும் இறக்கிவைத்து, ஏசி இல்லாமல் ஒரு முழு ரெண்டர் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.